கேன்சஸ் சிட்டியின் கடைவீதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை மாற்றலாகிக் கேன்சஸ் சிட்டிக்கு வருகிறவர்களும், பிள்ளைகளுடன் சில மாதம் தங்கிப்போக ஊரிலிருந்து வரும் பெற்றோரும் முதல் சில வாரங்களில் கேட்பவை பெரும்பாலும் கடைகளைப் பற்றிய கேள்விகளே. எங்கே வாங்குவது என்று தொடங்கும் பேச்சு, வரி ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது, அவ்வளவு பெரிய மால்களை ஏன் இடித்தார்கள், ஊரின் ஒரு பாதியில் ஏன் கடைகளே கண்ணில் படுவதில்லை என்று நீண்டுவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிவந்ததை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

கேன்சஸ் சிட்டி கேன்சஸ் மாநிலத்தில்தானே இருக்கும்? கடை முகவரியில் மிசூரி என்று போட்டிருக்கிறதே?

அந்தப் பெயரில் இரண்டு நகரங்கள் உள்ளன. பெரியது மிசூரி மாநிலத்தில் இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே 5,08,090 பேர். அதை ஒட்டி மேற்கே, கேன்சஸ் மாநிலத்தில், 1,56,607 பேர் வாழும் இன்னொரு கேன்சஸ் சிட்டி இருக்கிறது. தெற்கே கேன்சஸ் பக்கத்தில் ஓவர்லேண்ட் பார்க், ஒலேத்தா, லீவுட் முதலிய புறநகர்கள். தென்பகுதியில் பல மைல் தூரத்துக்கு இரு மாநிலங்களையும் பிரிப்பது ஸ்டேட் லைன் ரோடு என்னும் ஒரு சாதாரணச் சாலைதான். சாலையைக் கடந்தால் வேறு சட்டம், வேறு வரி. இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால் கீழே வரும் பல பதில்கள் எளிதில் விளங்கும்.

இந்த ஊரின் பெரிய கடைத்தெரு எது? ரங்கநாதன் தெரு மாதிரி ஒன்று உண்டா?

இப்போது அப்படி ஒன்று இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. நகர மையத்தில் 11-வது தெருவில், மெயின் தெருவுக்கும் கிராண்ட் தெருவுக்கும் இடைப்பட்ட பகுதியைப் பெட்டிகோட் லேன் என்று அழைத்தார்கள். ‘எமரி, பேர்ட், தேயர்’ என்னும் பேரங்காடியும் வேறு சிலவும் அங்கே இருந்தன. புறநகர்ப் பெண்கள் கையுறையும் தொப்பியும் அணிந்து டிராம் ஏறிப் பொருள் வாங்க வந்த தெரு அது. எமரி, பேர்ட், தேயர் 1968-ல் மூடப்பட்டது. டிராமின் இடத்தைக் காரும், நகர மையத்தின் இடத்தைப் புறநகரும் பிடித்துக்கொண்டபின் அந்தத் தெருவுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

இன்று கடைகள் பத்துப் பன்னிரண்டு இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. பெயர்பெற்ற துணி, நகை, காலணிக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் கன்ட்ரி கிளப் பிளாசா. கூரையிட்ட பெரிய மால் வேண்டுமென்றால் ஓவர்லேண்ட் பார்க்கில் ஓக் பார்க் மால். ஹால்மார்க் வாழ்த்து அட்டை நிறுவனம் 1968-ல் கட்டத் தொடங்கிய கிரவுன் சென்டர் நகர மையத்துக்குச் சற்றுத் தெற்கே உள்ளது. மிசூரி ஆற்றுக்கு வடக்கே வசிப்பவர்களுக்கு ஜோனா ரோசா. நடந்து பார்க்கத் தக்க பழைய வீதிகள் என்றால் புரூக்சைடும் வெஸ்ட்போர்ட்டும். 1830-களில், மேற்கே சாண்டா ஃபே வரை வண்டி பூட்டிப் போனவர்கள் மாவும் பன்றி இறைச்சியும் சக்கரமும் வாங்கிய இடம் வெஸ்ட்போர்ட். இந்த ஊர் பிறந்ததே கடை வைக்கத்தான் என்று சொன்னால் அது மிகையாகாது.

எல்லோரும் பிளாசா, பிளாசா என்கிறார்களே, அதுவும் ஒரு மால்தானா?

மால் என்பதைவிட, ஒரே நிறுவனம் திட்டமிட்டுக் கட்டிய ஒரு சிறு நகரம் என்பதே சரி. ஜே. சி. நிக்கல்ஸ் என்னும் மனை வணிகர் 1922-ல் இதை அறிவித்தார். முதல் கட்டடம் 1923-ல் திறக்கப்பட்டது. அப்போது அந்த இடம் ஓடைக்கரைச் சதுப்பு, பன்றிப் பண்ணை, செங்கல் சூளை. நகர மையத்திலிருந்து நான்கு மைலுக்கு அப்பால் யார் வந்து வாங்கப்போகிறார்கள் என்று ஊரார் இதை ‘நிக்கல்சின் மடமை’ என்றார்கள். காரில் வருகிறவர்களையே முதன்மையான வாடிக்கையாளர்களாகக் கருதித் திட்டமிடப்பட்ட முதல் வணிகப் பகுதி இது என்பது நகரமைப்பு வரலாற்றில் இதற்குள்ள இடம். சுற்றிலும் தாம் விற்ற வீட்டு மனைகளில் குடியேறும் வசதியான குடும்பங்கள் கார் வைத்திருப்பார்கள், அவர்களுக்கு அருகிலேயே கடை வேண்டும் என்பதே அவர் போட்ட கணக்கு. அது பலித்தது.

கட்டடங்கள் ஸ்பெயின் நாட்டுப் பாணியில் அமைந்தவை. எட்வர்ட் புயூலர் டெல்க் என்பவர் வடிவமைத்தார். ஓடு வேய்ந்த கூரை, வண்ணப் பீங்கான் பதித்த சுவர், நீரூற்றுகள், சிலைகள் என்று பதினைந்து தெருக்கட்டங்களில் விரிகிறது. செவில் நகரத்து ஹிரால்டா கோபுரத்தின் சிறிய வடிவம் 1967-ல் எழுப்பப்பட்டது. கடை மட்டுமே நோக்கம் என்றால் இவற்றுக்குச் செலவிட்டிருக்கத் தேவையில்லை. எதையும் வாங்காமல் ஒரு மாலை நேரம் முழுதும் நடந்துவிட்டு வரக்கூடிய கடைவீதி அமெரிக்காவில் அரிது என்பதால் இதை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். இந்த அழகைக் கட்டிய பணம் எப்படி வந்தது என்பதைக் கிழக்குப் பகுதி பற்றிய கேள்வியில் சொல்கிறேன். அதையும் அறிந்துகொண்டே நடக்க வேண்டும்.

பிளாசாவில் விளக்கு போடுவது எந்தத் தேதியில்?

நவம்பர் மாதம் நான்காம் வியாழக்கிழமை, நன்றி தெரிவிக்கும் நாளின் இரவில். 1925-ல் ஒரு கதவின்மேல் தொங்கவிட்ட ஒற்றைச் சர விளக்கில் தொடங்கிய வழக்கம் இது. இன்று கட்டடங்களின் விளிம்புகள்தோறும் 80 மைலுக்கு மேற்பட்ட நீளத்துக்குச் சரங்கள் ஓடுகின்றன. ஜனவரி வரை எரியும். முதல் நாள் கூட்டத்தில் குழந்தைகளுடன் திணறுவதைவிட, டிசம்பரில் ஒரு வாரநாள் மாலை போவது நல்லது. செப்டம்பரில் நடக்கும் கலைக் கண்காட்சியும் பழையது, 1932-ல் தொடங்கியது.

பிளாசாவில் இத்தனை கடைகள் ஏன் காலியாயின? கைமாறிவிட்டதாமே?

ஆம். நிக்கல்ஸ் நிறுவனத்திடமிருந்து 1998-ல் ஹைவுட்ஸ் நிறுவனத்துக்கும், 2016-ல் டாப்மன், மேசரிச் என்னும் இரு மால் நிறுவனங்களின் கூட்டுக்கும் போயிற்று; அப்போதைய விலை 66 கோடி டாலர். ஓக் பார்க் மாலில் உள்ள நார்ட்ஸ்ட்ராம் பேரங்காடி பிளாசாவுக்கு இடம் மாறும் என்று 2018-ல் அறிவித்தார்கள். 2022-ல் அது கைவிடப்பட்டது. அந்தப் பெரிய கடையை நம்பிக் காத்திருந்த மேற்குப் பகுதி வெறிச்சோடியது. அடுத்த ஆண்டு உரிமையாளர்கள் கடன் தவணை தவறினார்கள். 2024-ல் டல்லாஸ் நகரத்தின் ஹைலேண்ட் பார்க் வில்லேஜை நடத்துகிறவர்களின் நிறுவனம் 17.56 கோடி டாலருக்கு வாங்கியது.

எட்டு ஆண்டுகளில் மதிப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சரிந்ததைப் பார்த்து, பிளாசா முடிந்துவிட்டது என்று பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாடெங்கும் மால்களை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இது ஐம்பதில் ஒன்று. பெருங்கடனுக்கு வட்டி கட்ட வேண்டிய உரிமையாளர் வாடகையைக் குறைக்க முடியாது. குறைக்காவிட்டால் உள்ளூர்க் கடைக்காரர் வர முடியாது. குறைந்த விலைக்கு வாங்கியவருக்கு அந்த நெருக்கடி இல்லை. விலைச்சரிவே இந்த இடத்துக்கு மறுவாழ்வு தரக்கூடும்.

விலைச்சீட்டில் 20 டாலர் என்றுதான் இருந்தது. கல்லாவில் 22 வாங்கிவிட்டார்கள். ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றவில்லை. நம் ஊரில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்குள் வரி அடங்கியிருக்கும். இங்கே விலைச்சீட்டில் வரி சேராது, பில் போடும்போதுதான் சேரும். மிசூரியில் மாநில விற்பனை வரி 4.225 விழுக்காடு. அதன்மேல் மாவட்டமும் மாநகராட்சியும் தத்தம் வரிகளைச் சேர்க்கும்போது 9 விழுக்காட்டை ஒட்டி வந்து நிற்கும். கேன்சஸில் மாநில வரியே 6.5 விழுக்காடு, உள்ளூர் வரிகள் குறைவு; அங்கும் கூட்டுத்தொகை கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் முடியும். ஆகவே துணிமணி, மின்பொருள்களுக்கு எல்லை தாண்டிப் போவதால் பெரிய ஆதாயம் இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஆகஸ்டு முதல் வெள்ளி தொடங்கி ஞாயிறு வரை மிசூரி அரசு பள்ளிப் பொருள்களுக்கு விற்பனை வரியை நீக்குகிறது: தலா 100 டாலருக்கு மிகாத உடைகள், 50 டாலர் வரையிலான எழுதுபொருள்கள், 1,500 டாலருக்கு மிகாத கணினி. கேன்சஸில் இத்தகைய நாள்கள் இல்லை. பிள்ளைக்கு மடிக்கணினி வாங்க நினைப்பவர்கள் அதுவரை பொறுத்தால் நல்ல தொகை மிஞ்சும்.

ஒரே கம்பெனியின் இரண்டு கடைகள், இரண்டும் மிசூரியில்தான் இருக்கின்றன. வரி மட்டும் ஏன் வேறாக இருக்கிறது?

இதற்கான பதிலைத்தான் ஊரில் பலரும் அறிவதில்லை. மிசூரிச் சட்டம் ஒரு வணிகப் பகுதியைச் சமூக மேம்பாட்டு மண்டலமாக அறிவிக்க இடம் தருகிறது. அந்த மண்டலத்துக்குள் விற்கும் பொருள்களுக்கு ஒரு விழுக்காடு வரை கூடுதல் விற்பனை வரி விதிக்கலாம். அந்தப் பணம் அதே பகுதியின் வாகன நிறுத்தம், நடைபாதை, காவல், சில இடங்களில் கட்டடப் புதுப்பிப்புக்கும் செலவாகும். சாலை, போக்குவரத்து வேலைகளுக்கென்று இன்னொரு வகை மண்டலமும் உண்டு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடங்களில் வரி 10 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. மேலே சொன்ன 22 டாலர் அப்படி வந்ததுதான்.

மண்டலம் உருவாகும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். நிலத்தின் மதிப்பில் பாதிக்கு மேலும், உரிமையாளர்களின் எண்ணிக்கையில் பாதிக்கு மேலும் கையொப்பமிட்டு மனுக் கொடுத்தால் மாநகராட்சி மன்றம் ஒப்புதல் தரலாம். வரியை அந்த மண்டலத்தில் குடியிருக்கும் வாக்காளர்கள் வாக்களித்து ஏற்க வேண்டும். கடைகள் மட்டுமே இருந்து குடியிருப்பவர் எவரும் இல்லையென்றால் நில உரிமையாளர்களே வாக்களிப்பார்கள். வரியைக் கட்டப்போகும் வாடிக்கையாளருக்கு அங்கே குரல் கிடையாது. 2018-ல் மிசூரி மாநிலத் தணிக்கையாளர் வெளியிட்ட அறிக்கை இந்த மண்டலங்களுக்குப் போதிய கண்காணிப்பு இல்லை என்று குறை கூறியது. முறையாகச் செலவிடும் மண்டலங்கள் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் தனியார் கட்டடத்தைச் செப்பனிடும் செலவு, பால் வாங்க வந்தவரின் பில்லில் ஒரு வரியாக ஏறுவது எனக்கு உடன்பாடானது அன்று.

மளிகைக்கு எல்லை தாண்டிக் கேன்சஸ் பக்கம் போனால் மிச்சமா?

மிச்சம்தான். கேன்சஸ் மாநிலம் உணவுப் பொருள்களுக்கான தன் விற்பனை வரியை 2023 தொடங்கி ஆண்டுதோறும் குறைத்து, 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து முற்றிலும் நீக்கிவிட்டது. உள்ளூர் வரிகள் மட்டும் தொடர்கின்றன. மிசூரியில் உணவுக்கு மாநில வரி 1.225 விழுக்காடு, உள்ளூர் வரிகளும் மண்டல வரிகளும் முழுமையாக உண்டு. 100 டாலர் மளிகைக்குக் கேன்சஸ் பக்கம் ஏறத்தாழ 3 டாலரும் மிசூரி பக்கம் ஏறத்தாழ 6 டாலரும் வரியாகப் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். எல்லையை ஒட்டி வசிக்கும் பெரிய குடும்பத்துக்கு இது பொருட்படுத்தத் தக்கது. அரைமணி நேரம் கார் ஓட்டிப் போகிறவருக்குப் பெட்ரோலிலேயே கரைந்துவிடும். உணவகச் சாப்பாட்டுக்கு இந்தச் சலுகை இல்லை.

நம் ஊர்ப் புழுங்கலரிசி, கறிவேப்பிலை எல்லாம் எங்கே கிடைக்கும்? வாரச்சந்தை ஏதும் உண்டா?

இந்திய மளிகைக் கடைகள் பெரும்பாலும் ஓவர்லேண்ட் பார்க், ஒலேத்தா பக்கத்தில் உள்ளன. கணினித் துறையில் வேலை செய்யும் நம்மவர் குடும்பங்கள் அந்தப் புறநகர்களில் மிகுதி; கடைகளும் அவர்களைத் தேடிப் போயின. வெள்ளி மாலையும் சனி காலையும் போனால் கறிவேப்பிலை, முருங்கைக்காய் புதியனவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சந்தை வேண்டுமென்றால் சிட்டி மார்க்கெட்டுக்குப் போங்கள். மிசூரி ஆற்றங்கரைக்கு அருகே, 1857 முதல் சந்தை நடந்துவரும் இடம், மாநகராட்சியின் உடைமை. சனி, ஞாயிறுகளில் விவசாயிகள் நேரே வந்து விற்பார்கள். சுற்றியுள்ள நிரந்தரக் கடைகளில் அரபு நாட்டு மசாலா, பருப்பு, ஆலிவ், ஆசியக் காய்கறி எல்லாம் கிடைக்கும். கொத்துமல்லி விதையும் சீரகமும் மொத்தமாக வாங்க இது நல்ல இடம். பேரம் பேசும் வழக்கம் பொதுவாக இல்லை, எனினும் சந்தை முடியும் நேரத்தில் விலை தானாகவே இறங்கும்.

அதே வளாகத்தில் உள்ள அரேபியா நீராவிக் கப்பல் அருங்காட்சியகத்தையும் கட்டாயம் பாருங்கள். 1856 செப்டம்பரில், எல்லைப்புற ஊர்களின் கடைகளுக்குச் சரக்கு ஏற்றிப்போன கப்பல் மிசூரி ஆற்றில் மூழ்கியது. பின்னர் ஆறு தடம் மாறியதால், கப்பல் ஒரு சோள வயலுக்கடியில் 45 அடி ஆழத்தில் கிடந்தது. 1988-ல் ஒரு குடும்பமும் நண்பர்களும் சொந்தப் பணத்தில் தோண்டி எடுத்தார்கள். காலணி, பொத்தான், பீங்கான் தட்டு, பூட்டு, ஊறுகாய்ப் போத்தல் என்று அந்தக் காலத்துப் பல்பொருள் கடையின் முழுச் சரக்கையும் இங்கே காணலாம்.

மகன் வீட்டுக்கு ஆறு மாதம் வந்திருக்கிறேன். கார் ஓட்டத் தெரியாது. நான் தனியாகப் போய்வரக்கூடிய கடைவீதி உண்டா?

மெயின் தெருவில் ஓடும் டிராம் உங்களுக்காகவே வந்தது போன்றது. 2016 மே மாதம் சிட்டி மார்க்கெட்டிலிருந்து யூனியன் ஸ்டேஷன் வரை ஓடத் தொடங்கியது. 2025 அக்டோபரில் பிளாசாவைத் தாண்டிப் பல்கலைக்கழகம் வரை நீண்டது. கட்டணம் இல்லை. சீட்டு, அட்டை எதுவும் தேவையில்லை. ஏறி அமர்ந்தால் போதும். யூனியன் ஸ்டேஷனில் இறங்கினால் கிரவுன் சென்டருக்குக் கண்ணாடி மூடிய மேல்நடைபாதை வழியாகப் பனிக்காற்றுப் படாமல் போகலாம். ஒரே நாளில் சந்தை, கிரவுன் சென்டர், பிளாசா மூன்றையும் பார்த்து வந்த பெரியவர்களை எனக்குத் தெரியும்.

இலவசம் என்றாலும் யாரோ ஒருவர் கட்டத்தான் செய்கிறார்: தண்டவாளத்தை ஒட்டிய பகுதியில் வசூலாகும் ஒரு விழுக்காடு போக்குவரத்து மண்டல விற்பனை வரியும் நில உரிமையாளர்களின் கூடுதல் வரியும் இதை நடத்துகின்றன. முன்பு குறை சொன்ன அதே ஏற்பாடுதான். ஆனால் இங்கே பணம் எல்லோரும் ஏறும் வண்டியாகத் திரும்பி வருகிறது, அதனால் மனமாரக் கட்டுகிறேன். மகன் வீடு ஓவர்லேண்ட் பார்க்கிலோ ஒலேத்தாவிலோ இருந்தால் டிராம் நிறுத்தம் வரை யாராவது கொண்டுவந்து விட வேண்டியிருக்கும் என்பதுதான் இடைஞ்சல்.

பழைய வரைபடத்தில் பேனிஸ்டர் மால், மெட்ரோ நார்த் மால், மெட்காஃப் சவுத் என்றெல்லாம் இருக்கிறது. போனால் ஒன்றையும் காணோமே?

எல்லாம் இடிக்கப்பட்டுவிட்டன. பேனிஸ்டர் மால் 1980-ல் திறந்து 2007-ல் மூடி 2009-ல் இடிக்கப்பட்டது. அந்த நிலத்தில் செர்னர் மருத்துவ மென்பொருள் நிறுவனம் அலுவலக வளாகம் எழுப்பியது, அந்த நிறுவனத்தையே 2022-ல் ஆரக்கிள் வாங்கிவிட்டது. மெட்காஃப் சவுத் 1967 முதல் 2014 வரை. மெட்ரோ நார்த் 1976 முதல் 2014 வரை. ஒலேத்தாவின் கிரேட் மால் 1997-ல்தான் வந்தது. இருபது ஆண்டுகூட நிற்கவில்லை. 1958-ல் திறந்த புளூ ரிட்ஜ் மால் 2005-ல் மூடப்பட்டு, அங்கே வால்மார்ட் வந்தது.

இணைய வணிகம் கொன்றுவிட்டது என்பது முழுப் பதில் அன்று. பேனிஸ்டர் மூடப்பட்ட 2007-ல் மக்கள் இணையத்தில் வாங்கியது சொற்பம். இந்த ஊரைச் சுற்றி மலையோ கடலோ இல்லை. எந்தத் திசையிலும் சோள வயல் கிடைக்கும், எந்த வயலுக்கும் நெடுஞ்சாலை போடலாம். ஆகவே மக்கள்தொகை பெருகியதைவிட வேகமாகக் கடைப்பரப்பு பெருகியது. புதிய மால் திறந்தால் புதிய வாடிக்கையாளர் பிறப்பதில்லை, பழைய மாலின் வாடிக்கையாளர்தான் இடம் மாறுகிறார். இதன்மேல், மாலின் தூண்களாக நின்ற பேரங்காடிகள் ஒன்றோடொன்று இணைந்தன. உள்ளூரின் ஜோன்ஸ் ஸ்டோர் 2006-ல் மேசீஸ் ஆனது இப்படித்தான். ஒரு தூண் போனால், அதை நம்பி வந்த சிறு கடைகள் இரண்டு ஆண்டுக்குள் கிளம்பிவிடும்.

பேனிஸ்டருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. சுற்றுப்புறத்தில் கறுப்பினக் குடும்பங்கள் குடியேறத் தொடங்கியதும் வெள்ளையர் பலர் வெளியேறினார்கள். மால் பாதுகாப்பற்றது என்ற பேச்சு, நடந்த குற்றங்களைவிட வேகமாகப் பரவியது. தன் வீட்டருகே இருந்த கடைகள் ஒவ்வொன்றாக விளக்கணைவதைப் பார்த்தபடி அங்கேயே இருந்துவிட்டவர்களிடம் பேசிப்பாருங்கள். அவர்களுக்கு அது வெறும் கட்டடம் இடிந்த செய்தி அன்று.

அப்படியென்றால் லெஜண்ட்ஸ் மட்டும் எப்படி இத்தனை கூட்டமாக ஓடுகிறது?

லெஜண்ட்ஸ் கேன்சஸ் பக்கத்துக் கேன்சஸ் சிட்டியில், இரண்டு பெரிய நெடுஞ்சாலைகள் சந்திக்குமிடத்தில் உள்ளது. 2001-ல் கார்ப் பந்தயத் திடல் வந்தது. 2002-ல் கபேலாஸ் என்னும் வேட்டை, மீன்பிடிப் பொருள் அங்காடி. 2003-ல் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே நிறுவனத்துக்குச் சொந்தமான நெப்ராஸ்கா ஃபர்னிச்சர் மார்ட். அதன்பின் லெஜண்ட்ஸ் தள்ளுபடிக் கடைகள். மூன்று மாநிலங்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருமளவுக்குத் தனித்தன்மை உள்ள இடங்களை முதலில் கொண்டுவந்து, கடைகளை அவற்றைச் சுற்றி நட்டார்கள்.

இதற்கு முதலீடு திரட்டிய முறை ஸ்டார் பத்திரம் எனப்படுகிறது. அரசு முன்கூட்டியே பத்திரம் விற்றுக் கட்டுமானத்துக்குப் பணம் திரட்டும். அந்த இடத்தில் பிற்பாடு வசூலாகும் விற்பனை வரி அரசின் கருவூலத்துக்குப் போகாமல் பத்திரக் கடனை அடைக்கப் போகும். இங்கே 2016 இறுதியிலேயே கடன் அடைந்துவிட்டது. எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை: ஓவர்லேண்ட் பார்க்கில் அருங்காட்சியகத்தை நடுவில் வைத்துக் கட்டிய பிரெய்ரிஃபயர் வளாகத்தின் பத்திரங்கள் 2023-ல் தவணை தவறின. அக்கம்பக்கத்தார் மட்டுமே வந்துபோகும் இடம் மற்ற கடைகளின் வாடிக்கையாளரைத்தான் இழுக்கும் என்று மேலே சொன்ன கணக்கு இங்கும் பொருந்தும்.

டிரூஸ்ட் அவென்யூவுக்குக் கிழக்கே போனால் ஒரு நல்ல மளிகைக் கடைகூட இல்லையே, ஏன்?

பிளாசாவைக் கட்டிய நிக்கல்ஸ் தம் வீட்டு மனைகளின் பத்திரங்களில், கறுப்பினத்தவர் இவற்றை வாங்கவோ குடியிருக்கவோ கூடாது என்று நிபந்தனை எழுதினார். அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படியும் எழுதப்பட்டது. 1948-ல் உச்ச நீதிமன்றம், இதே மிசூரி மாநிலத்து வழக்கொன்றில், இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அதற்குள் ஊர் இரண்டாகப் பிளந்துவிட்டது. கிழக்கே வாழ்ந்தவர்களுக்கு வீட்டுக்கடன் மறுக்கப்பட்டது, சொத்து சேரவில்லை, சொத்தில்லாத பகுதியில் பெரிய கடைகள் திறக்கவில்லை. டிரூஸ்ட் அவென்யூ அந்தப் பிளவின் கோடு. 2020-ல் பிளாசா அருகே இருந்த நீரூற்றிலிருந்தும் சாலையிலிருந்தும் நிக்கல்சின் பெயர் நீக்கப்பட்டது.

கிழக்கில் மளிகைக் கடை வேண்டும் என்பதற்காக மாநகராட்சியே லின்வுட், பிராஸ்பெக்ட் சந்திப்பில் இருந்த வணிக வளாகத்தை வாங்கிப் புதுப்பித்து, 2018-ல் அங்கே சன் ஃபிரெஷ் கடையைத் திறக்கச் செய்தது. பின்னர் ஓர் அறநிறுவனம் அதை நடத்தியது. திருட்டும், சுற்றுப்புறத்துப் பாதுகாப்புக் குறைவும், வெற்றுத் தட்டுகளும் ஒன்றையொன்று வளர்த்து, 2025 ஆகஸ்டில் கடை மூடப்பட்டது. அரசு கடை நடத்தினால் இப்படித்தான் ஆகும் என்று சிலர் பேசுவது சரியன்று. அறுபது ஆண்டுகளாக வெறுமையாக்கப்பட்ட இடத்தில் ஒரே ஒரு கடையைத் திறந்துவிட்டு, அதுவே எல்லாவற்றையும் தூக்கி நிறுத்தட்டும் என்று விட்டதுதான் பிழை. பேருந்து ஏறி, இரண்டு பைகளுடன் வேறொரு பகுதிக்குப் போய் அரிசியும் பாலும் வாங்கி வரும் முதியவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் இணையத்தில் வாங்கினால் இந்த வரித் தொல்லை இல்லைதானே?

இப்போது இருக்கிறது. கேன்சஸ் 2021-லும், விற்பனை வரி உள்ள மாநிலங்களிலேயே கடைசியாக மிசூரி 2023 ஜனவரியிலும், ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் தங்கள் மாநிலத்தில் விற்கும் வெளியூர் நிறுவனங்களும் வரி வசூலிக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டன.

இன்னொரு செய்தி: நீங்கள் இணையத்தில் வாங்கும் பொருளில் ஒரு பங்கு இந்த ஊரின் அடியிலேயே இருந்திருக்கலாம். சுண்ணாம்புக்கல் வெட்டிய சுரங்கங்களைக் கிடங்குகளாக்கிய சப்ட்ரோபோலிஸ் என்னும் நிலத்தடி வளாகம் இங்கே உள்ளது. கோடையிலும் பனியிலும் உள்ளே ஒரே மாதிரி 20 செல்சியசை ஒட்டிய வெப்பம். அஞ்சல் துறை தன் தபால்தலை இருப்பை அங்கேதான் வைத்திருக்கிறது.

சிறிதாக ஒரு கடை வைக்க நினைக்கிறேன். எந்த இடத்தில் வாடகைக்குப் பிடிக்கலாம்?

வாடகை எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல் நான்கைந்து செய்திகளைக் கேட்டறியுங்கள். இங்கே சதுர அடிக்கு ஆண்டு வாடகையாகச் சொல்வார்கள். மாத வாடகை என்று எண்ணி மயங்க வேண்டாம். அதற்குமேல் பொது இடப் பராமரிப்பு, சொத்து வரி, காப்பீடு ஆகியவற்றில் உங்கள் பங்கு தனியே வரும். பெரிய வளாகங்களில் விற்பனை ஒரு வரம்பைத் தாண்டினால் கூடுதல் விற்பனையில் ஒரு விழுக்காடும் கேட்பார்கள். அந்த இடம் சிறப்பு வரி மண்டலத்துக்குள் இருக்கிறதா என்பதை மாநகராட்சியில் விசாரியுங்கள். இருந்தால், பக்கத்துத் தெருக் கடையைவிட உங்கள் பில் எப்போதும் சற்றுக் கூடத்தான் காட்டும். மிசூரி பக்கத்துக் கேன்சஸ் சிட்டி எல்லைக்குள் வேலை செய்யும் எவரும் வருமானத்தில் ஒரு விழுக்காடு மாநகராட்சிக்குக் கட்ட வேண்டும். உங்கள் பணியாளருக்கும் அது பொருந்தும்.

உணவுப் பொருள் என்றால் கேன்சஸ் பக்கம் வரிச் சலுகையும் நம்மவர் வாடிக்கையும் சேர்ந்து கிடைக்கும், போட்டியும் அங்கேதான் கடுமை. கைவினை, பரிசுப்பொருள் என்றால் டிராம் தடத்தை ஒட்டிய மெயின் தெருவையும், மாதத்தின் முதல் வெள்ளி இரவில் ஓவியக் கூடங்களுக்காக ஊரே திரளும் கிராஸ்ரோட்ஸ் பகுதியையும் பாருங்கள். ஒப்பந்தத்தில் ஒரு வாசகத்தை மட்டும் விடாப்பிடியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்: வளாகத்தின் பெரிய கடை மூடப்பட்டால் உங்கள் வாடகை குறையவோ நீங்கள் வெளியேறவோ உரிமை வேண்டும். பெரிய கடை கிளம்பிய மால்களில் சிறு கடைக்காரர்களுக்கு நேர்வதை மேலே சொல்லியிருக்கிறேன்.